மடை திறக்காத நாட்கள்

அன்றிரவு நிரலில் பிழை எதுவும் இல்லை. மறுநாள் லாக் பதிவுகளை வரிவரியாகப் படித்தபோதும் ஒரு பிழைச்செய்திகூட அகப்படவில்லை. கேட்டதைக் கேட்டபடியே அது செய்து முடித்திருந்தது. ஆயினும் இரவு 11 மணிக்குப் புனே நகரின் ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தின் வாசலில் முதலாண்டு மாணவன் ஒருவன் கைப்பேசியை நீட்டியபடி நின்றிருந்தான். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை அவன் பாதி நிரப்பியிருந்தான். திடீரென்று திரை அவனை வெளியேற்றி, மீண்டும் உள்நுழையச் சொன்னது. உள்நுழைய ஓ.டி.பி. வேண்டும். அது கிராமத்தில் உறங்கிக்கொண்டிருந்த தந்தையின் எண்ணுக்குப் போயிருந்தது. நான்கு முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசி நேரம் நள்ளிரவு 12 மணி.

அந்த நிரலை எழுதிய ஆய்வு மாணவி உள்ளே திரையின் முன் அமர்ந்திருந்தாள். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்காகப் புனே வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் சர்வர்களின் நம்பகத்தன்மை அவளுடைய ஆய்வுப் பொருள். திரையில் அனைத்தும் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தன. மூன்று பாட்களும் ஆயத்தம், தரவுத்தள இணைப்பு சரி, பதிப்பு புதியது. வாசலில் நின்ற மாணவனைப் பற்றி அத்திரையில் ஒரு சொல்லும் இல்லை.

இங்கே பின்னணியைச் சற்று விளக்கியாக வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தில் நூலகம், விடுதி, தேர்வுப் பிரிவு, கட்டணப் பிரிவு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கெனக் கடவுச்சொல் பட்டியல் வைத்துக்கொண்டால் மாணவர்களுக்கும் தொல்லை, பாதுகாப்புக்கும் கேடு. ஆகவே 'நீ யார்' என்ற கேள்வியை ஒரே இடத்தில் கேட்டு முடித்துவிடுவது வழக்கமாயிற்று. அந்த ஒரே இடம்தான் அடையாளச் சர்வர். கடவுச்சொல்லைச் சரிபார்த்தபின் அது தன் கையொப்பமிட்ட ஒரு டோக்கனை வழங்கும். மற்ற மென்பொருள்கள் அந்தக் கையொப்பம் மெய்யானதா என்று மட்டும் பார்க்கும். இதற்கான பொதுமொழிகளில் சாம்ல் 2.0 2005இலும் ஓப்பன்ஐடி கனெக்ட் 2014இலும் நிலைபெற்றன. இரண்டையும் பேசும் திறமூல மென்பொருள் கீக்ளோக். அதன் முதல் முழுப்பதிப்பும் 2014இல்தான் வந்தது. இத்தகைய சர்வர் நின்றுபோனால் மற்ற எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்; ஆனால் எவராலும் எதற்குள்ளும் நுழைய முடியாது.

கீக்ளோக் இங்கே கன்டெய்னர்களாக ஓடியது. மென்பொருளையும் அது இயங்கத் தேவையான அனைத்தையும் ஓர் இமேஜாகக் கட்டி, எந்த இயந்திரத்திலும் அப்படியே எழுப்பும் முறை அது. பல இயந்திரங்களில் பரவிய கன்டெய்னர்களை மேய்க்கும் அமைப்பு, 2014இல் கூகுள் திறமூலமாக வெளியிட்ட குபர்நெட்டீஸ். ஒரு கன்டெய்னர் இறந்தால் இன்னொன்றை எழுப்பும் வேலையை அது செவ்வனே செய்யும். ஆனால் நினைவு வைத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு அது போதாது. தரவுத்தளத்தின் அட்டவணைகளை எப்போது மாற்றுவது, இரண்டு பதிப்புகள் ஒரே நேரத்தில் ஓடலாமா, எதை முதலில் நிறுத்துவது என்பன போன்ற கேள்விகளுக்கு அந்த மென்பொருளை நெடுநாள் பராமரித்த மனிதர் ஒருவரே விடை அறிவார். அவருடைய அறிவை நிரலாக எழுதி, அந்நிரலை குபர்நெட்டீஸுக்குள்ளேயே ஓடவிடலாம் என்ற எண்ணத்துக்கு 2016இல் கோர்ஓஎஸ் நிறுவனத்தார் வைத்த பெயர் 'ஆபரேட்டர்'. முதல் எடுத்துக்காட்டுகளாக எட்சிடி, பிரோமீதியஸ் என்ற இரண்டு மென்பொருள்களுக்கு அவர்கள் ஆபரேட்டர் எழுதிக் காட்டினார்கள். சர்வரை இயக்கும் மனிதரின் பெயரே நிரலுக்கும் பெயரானது.

இந்தப் பல்கலைக்கழகத்தில் அந்த மனிதரை எல்லோரும் 'காகா' என்று அழைத்தார்கள். மராத்தியில் தந்தையின் உடன்பிறந்தாரைக் குறிக்கும் சொல். வயதில் மூத்த எவரையும் அப்படி அழைப்பது அங்கே வழக்கம். வந்த புதிதில் அவளுக்கு அது காக்கையின் குரலாகவே கேட்டது. கணினி மையத்தில் சர்வர் அறை உருவான நாளிலிருந்து அதன் சாவி அவரிடம்தான் இருந்தது. பட்டம் பெற்றது வேதியியலில். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. அவர் போனபின் யார் பார்ப்பது என்று கவலைப்பட்ட மையத்தின் தலைவர், அவளுடைய ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டு நெறியாளரிடம் பேசினார். ஆய்வுக்கு ஒரு மெய்யான களமும் மையத்துக்கு ஓர் ஆபரேட்டரும் கிடைக்கும் என்று இருதரப்பும் மகிழ்ந்தன. காகாவிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவே ஒருநாள் வந்து அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"பேட்டா, இது என்ன செய்யும்?"

அவளுக்குத் தன் ஊர்க் கண்மாயின் நீர்க்கட்டிதான் நினைவுக்கு வந்தார். கண்மாயின் மடைகளைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சுபவர் நீர்க்கட்டி. மழை எத்தனை முறை பெய்தது என்று அவர் கணக்கு வைப்பதில்லை. கண்மாய்க்குள் இப்போது நீர் எவ்வளவு நிற்கிறது, வயலுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பார். இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் மடையைத் தொடுவார். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு எழுந்து வந்தாலும், இடையில் நடந்ததை யாரும் சொல்ல வேண்டியதில்லை, நீர்மட்டமே சொல்லிவிடும். ஆபரேட்டரும் அப்படித்தான். 'மூன்று பாட்கள் வேண்டும், இன்ன பதிப்பு வேண்டும், இன்ன தரவுத்தளம்' என்று விரும்பும் நிலையை ஓர் ஆவணமாக எழுதி வைத்தால், உள்ள நிலையை அதனோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறைக்கும் ஒரு செயலைச் செய்யும். மீண்டும் ஒப்பிடும். இந்தச் சுற்று ஓய்வதேயில்லை. நிகழ்வுகளைத் தவறவிட்டாலும், நடுவில் தானே இறந்து பிழைத்தாலும், மட்டத்தைப் பார்த்து வேலையைத் தொடரும்.

காகா பொறுமையாகக் கேட்டார். "உங்கள் நீர்க்கட்டிக்கு எப்போது திறக்கக்கூடாது என்றும் தெரியும் அல்லவா?" என்றார். அவள் தெரியும் என்றாள். அந்தக் கேள்வியின் முழுப்பொருளும் அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

கீக்ளோக் திட்டமே ஓர் ஆபரேட்டரை வழங்குகிறது. தொடக்கத்தில் கோ நிரல்மொழியில் இருந்தது. கீக்ளோக் குவார்க்கஸ் தளத்துக்கு மாறியபின் ஜாவாவில் புதிதாக எழுதப்பட்டது. தரவுத்தளத்தை அமைக்கும் பொறுப்பை அது ஏற்பதில்லை. பயனர்கள், விதிகள், செயலிகள் அடங்கிய தொகுதிக்கு 'ரெல்ம்' என்று பெயர். அதன் ரெல்ம் இறக்குமதி புதிய ரெல்மை உருவாக்கும், ஏற்கெனவே இருப்பதைத் திருத்தாது. இது குறையன்று, தன் எல்லையை அறிந்து வகுத்த வடிவமைப்பு. அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே அவளுடைய ஆய்வுக் கேள்வியாகையால், கியூப்பில்டர் கருவியைக் கொண்டு கோ மொழியில் தனக்கென ஒன்றை எழுதத் தொடங்கினாள்.

முதல் சில மாதங்களில் நான்கு பிழைகள் அவளுக்குப் பாடம் நடத்தின. தரவுத்தளத்துக்கான கடவுச்சொல்லை உருவாக்கிச் சேமிக்கும் பகுதியை எழுதினாள். முதல் சுற்றில் அது நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் சுற்றில் இன்னொரு புதிய கடவுச்சொல்லை உருவாக்கி, பழையதன் மீது எழுதியது. தரவுத்தளம் பழைய கடவுச்சொல்லையே எதிர்பார்த்தது. கீக்ளோக் வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு செயலை எத்தனை முறை செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற விதியை அவள் வகுப்பில் பலமுறை கற்பித்திருந்தாள். 'இல்லையென்றால் மட்டும் உருவாக்கு' என்ற நிபந்தனையை எழுதத்தான் மறந்திருந்தாள்.

இரண்டாவது, சுற்று முடியும்போதெல்லாம் 'கடைசியாகச் சரிபார்த்த நேரம்' என்று நிலைப்பகுதியில் அவள் எழுதி வைத்தது. அப்படி எழுதியதே ஆவணத்தில் ஒரு மாற்றம். மாற்றம் கண்டால் சுற்று மீண்டும் தொடங்கும். நாய் தன் வாலைத் துரத்துவதுபோல் நிரல் இரவு முழுதும் தன் கையெழுத்தையே துரத்திக்கொண்டிருந்தது. விருப்பப்பகுதி மாறும்போது மட்டுமே உயரும் தலைமுறை எண்ணைப் பார்க்கச் சொன்னபின் அடங்கியது.

மூன்றாவது, நீக்கம் பற்றியது. ஒரு வளத்தை நீக்குமுன் செய்ய வேண்டிய துப்புரவு இருந்தால் அதன்மீது 'ஃபைனலைசர்' என்ற ஒரு குறியை இட்டு வைக்கலாம். குறி இருக்கும்வரை குபர்நெட்டீஸ் அதை உண்மையில் நீக்காது. அவள் ஒருநாள் ஆபரேட்டரை முதலில் நீக்கிவிட்டு, பிறகு மற்றவற்றை நீக்கினாள். குறியை எடுக்க வேண்டியவரே இல்லை; அந்த நேம்ஸ்பேஸ் 'முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது' என்ற நிலையிலேயே உறைந்துவிட்டது.

நான்காவது பிழை நெடுநாள் அவள் மனத்தில் நின்றது. சோதனைக் கிளஸ்டரில் ஒரு ரெல்மை அழித்து, அதே பெயரில், அதே விதிகளோடு மீண்டும் உருவாக்கினாள். ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் முன்போலவே இருந்தன. ஆனால் அதுவரை வழங்கிய டோக்கன் எதையும் எந்தச் செயலியும் ஏற்கவில்லை. ரெல்ம் புதிதாகப் பிறந்தபோது கையொப்பச் சாவிகளும் புதிதாகப் பிறந்திருந்தன. பெயரும் விதியும் ஒன்றாக இருந்தாலும் கையொப்பம் வேறானால் ஆள் வேறு. அடையாளத்துக்கென்றே உள்ள சர்வரின் அடையாளம் எதில் இருக்கிறது என்று அவள் அன்றுதான் எண்ணிப் பார்த்தாள்.

எழுதுவதைவிடச் சோதிப்பதில்தான் அவளுக்கு நாட்கள் கரைந்தன. கியூப்பில்டரோடு வரும் என்வ்டெஸ்ட் என்ற சூழல், குபர்நெட்டீஸின் ஏபிஐ சர்வரையும் எட்சிடி சேமிப்பையும் மட்டுமே எழுப்பும். விரைவானது, ஆனால் உள்ளீடற்றது. அங்கே ஸ்டேட்ஃபுல்செட் ஒன்றை உருவாக்கினால் பாட் எதுவும் பிறக்காது; உரிமையாளரை நீக்கினால் உடைமைகள் தாமாக நீங்கா, ஏனெனில் அவ்வேலைகளைச் செய்யும் பகுதிகள் அங்கு ஓடுவதில்லை. ஆகவே கன்டெய்னர்களையே இயந்திரங்களாகப் பாவித்து முழுக் கிளஸ்டரை மடிக்கணினியில் எழுப்பும் 'கைண்ட்' கருவியில் இரண்டாம் அடுக்குச் சோதனைகளை எழுதினாள்.

மூன்றாம் அடுக்குக்கு ஆய்வுலகம் வழிகாட்டியது. 2022இல் ஓஎஸ்டிஐ மாநாட்டில் வெளியான சீவ் என்ற கருவி, இத்தகைய நிரல்களின் பார்வையைக் கெடுத்துச் சோதிக்கிறது. நடுவில் சாகடிப்பது, பழைய செய்தியைக் காட்டுவது, சில நிகழ்வுகளைக் காணாமல் செய்வது ஆகியவை அதன் வழிகள். 2023இல் எஸ்ஓஎஸ்பி மாநாட்டில் வந்த ஆக்டோ, விருப்ப ஆவணத்தில் எழுதக்கூடிய மாற்றங்களைத் தானே உருவாக்கி, நிரல் ஒவ்வொன்றையும் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கிறது. இவற்றின் வழியில் அவளும் ஒரு சோதனைத் தொகுப்பை அமைத்தாள். ஆபரேட்டர் ஏபிஐ சர்வரில் எழுதும் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் அதைக் கொன்று மீண்டும் எழுப்பி, இறுதிநிலை மாறாமல் வருகிறதா என்று பார்த்தாள். எல்லாம் தேறின. நெறியாளர் மகிழ்ந்தார். கணினி மையம் தன் கிளஸ்டரில் ஓடவிட ஒப்புதல் தந்தது.

அன்றைய நாளின் கதை இதுதான். கீக்ளோக்கை 25ஆம் பதிப்பிலிருந்து 26க்கு உயர்த்தும் மாற்றத்தை அவள் மதியம் 2 மணிக்கு விருப்ப ஆவணத்தில் எழுதினாள். பழைய சர்வரைத் தொடுமுன், புதிய இமேஜைக் கொண்டு ஒரு முன்சோதனையை ஓட்டிப் பார்க்கும்படி ஆபரேட்டரை வடிவமைத்திருந்தாள். அது அவள் பெருமைப்பட்ட பகுதி. அன்று மதியம் வளாகத்தின் வெளியிணைப்பு அறுந்திருந்ததால் இமேஜ் இறங்கவில்லை. முன்சோதனை தொடங்கவே இல்லை. நிரல் பழைய சர்வரைத் தொடாமல் காத்திருந்தது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் விடுதிக்குப் போய்விட்டாள். குபர்நெட்டீஸ் போகவில்லை. ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை இமேஜைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இரவு 10 மணி அளவில் இணைப்பு திரும்பியது. இமேஜ் இறங்கியது, முன்சோதனை தேறியது, ஆபரேட்டர் பழைய பாட்களை நிறுத்தி, தரவுத்தளத்தை மாற்றி, புதியவற்றை எழுப்பியது. மதியம் கேட்டதை இரவில் கொடுத்தது. விரும்பும் நிலை 'என்றேனும் ஒருநாள்' வந்தடையப்படும் என்பதே இவ்வகை நிரல்களின் வாக்குறுதி. எந்நேரம் என்று அது சொல்வதில்லை.

கீக்ளோக் 25 வரை, உள்நுழைந்தவர்களின் அமர்வுகள் இயல்பாகப் பாட்களின் நினைவகத்திலேயே இருந்தன. 26இலிருந்துதான் அவை தரவுத்தளத்தில் இயல்பாகச் சேமிக்கப்படுகின்றன. ஆகவே அமர்வுகளைக் காப்பாற்றும் பதிப்புக்கு மாறிய அந்தச் சில நிமிடங்களிலேயே, நினைவகத்தில் இருந்த அமர்வுகள் அனைத்தும் அழிந்தன. கீக்ளோக் வழங்கும் டோக்கனின் ஆயுள் இயல்பாக ஐந்து நிமிடம். அது தீர்ந்தவுடன் விண்ணப்பச் செயலி புதிய டோக்கன் கேட்டது. 'அப்படி ஓர் அமர்வே இல்லை' என்று சர்வர் சொன்னது. செயலி மாணவனை வெளியேற்றியது. எந்தச் சோதனையும் இதைப் பிடிக்கவில்லை. அவளுடைய சோதனைகள் யாவும் 'சர்வர் ஆயத்தமா' என்று கேட்டன. உள்ளே ஏற்கெனவே அமர்ந்திருக்கும் மனிதர் அமர்ந்தபடியே இருக்கிறாரா என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

செய்தி கேட்டு வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்த காகா திரையைப் பார்க்கவில்லை. மாணவனை உள்ளே அழைத்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவன் பெயரையும் துறையையும் ஒரு நீண்ட கோடுபோட்ட நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு உதவித்தொகைப் பிரிவின் அலுவலரைத் தொலைபேசியில் எழுப்பினார். விண்ணப்பத்தை மறுநாள் நண்பகல்வரை திறந்து வைக்க அவர் ஒப்புக்கொண்டார். "காலை எட்டு மணிக்கு அப்பா எழுந்திருப்பார் அல்லவா? அப்போது வா," என்று மாணவனை அனுப்பினார். மறுநாள் காலையில் ஒவ்வொரு விடுதிக்கும் போன் செய்து, பாதியில் விட்டுவிட்டு உறங்கப் போனவர்கள் யார் என்று விசாரித்தார். வாசலுக்கு வந்தவன் ஒருவன். வராதவர்களும் இருப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

அவள் மன்னிப்புக் கேட்டபோது அவர் சிரித்தார். "மாலை ஐந்து மணிக்கு மேல் நான் எதையும் தொடுவதில்லை, பேட்டா. தொட்டால் வீட்டுக்குப் போக முடியாது."

அது வேடிக்கைப் பேச்சு என்று முதலில் எண்ணினாள். பிறகுதான் அந்த நோட்டைப் படிக்கக் கேட்டாள். கையெழுத்து மராத்தி அவளுக்கு வாசிக்க வரவில்லை. அவரே படித்துச் சொன்னார். கட்டளைகள் முதல் சில பக்கங்களில் முடிந்துவிட்டன. எஞ்சிய பக்கங்கள் முழுவதும் நாட்களும் காரணங்களும். தேர்வு விண்ணப்பத்தின் கடைசி மூன்று நாட்கள்: தொடாதே. முடிவுகள் வெளியாகும் நாள்: தொடாதே. சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் வாரம்: இறந்த இயந்திரத்தை மட்டும் எழுப்பு, வேறெதையும் மாற்றாதே. வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பின்: புதியது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பழைய தவறு இருந்தது. சிலவற்றை அவர் சொன்னார், சிலவற்றைச் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினார்.

'இறந்ததை மட்டும் எழுப்பு, வேறெதையும் மாற்றாதே' என்ற வரி அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயலாக வளர்ந்தது. ஆபரேட்டரின் செயல்களை அதுவரை அவள் ஒரே வகையாகவே எண்ணியிருந்தாள்: வேறுபாட்டைக் குறைப்பவை. இப்போது இரண்டாகப் பிரித்தாள். முன்பிருந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது மீட்டல். முன்பில்லாத நிலைக்குக் கொண்டுசெல்வது மாற்றம். நள்ளிரவில் ஒரு பாட் இறந்தால் அதை எழுப்ப யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. புதிய பதிப்புக்கோ புதிய விதிக்கோ காலம் பார்க்க வேண்டும்.

பிரிப்பது சொல்லுக்கு எளிது. புதிய பதிப்பை ஸ்டேட்ஃபுல்செட்டின் வார்ப்புருவில் எழுதிவிட்டு, 'பாட்களை இப்போது தொடாதே' என்று நிறுத்தி வைத்தால் போதும் என்று அவள் முதலில் நினைத்தாள். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு பாட் தானாக இறந்தால், புதிய வார்ப்புருவிலிருந்தே அது மீண்டும் பிறக்கக்கூடும். மீட்டல் என்று தொடங்கிய செயல் மாற்றமாக முடிந்துவிடும். இரண்டு பதிப்புகள் ஒரே தரவுத்தளத்தின் மேல் நிற்கும். ஆகவே விரும்பியதையும் நடைமுறைக்கு ஒப்புக்கொண்டதையும் தனித்தனியே எழுதி வைக்கும்படி மாற்றினாள். காலம் வரும்வரை புதிய விருப்பம் ஆவணத்திலேயே இருக்கும், ஸ்டேட்ஃபுல்செட்டுக்குப் போகாது. மீட்டல் எப்போதும் ஒப்புக்கொண்டதிலிருந்தே நடக்கும்.

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை வேண்டியிருந்தது. அடையாளச் சர்வரில் பாதுகாப்புக் குறை ஒன்று வெளியானால், தேர்வு வாரம் என்று கதவைத் திறந்து வைத்திருக்க முடியாது. அதற்கென ஒரு விலக்கை வைத்தாள். அதைப் பயன்படுத்த விரும்புபவர் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஏபிஐ சர்வரே ஆவணத்தை ஏற்காது. அந்த வரி நிகழ்வுப் பதிவில் நிற்கும். காகாவின் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே காரணம் இருந்ததைப் பார்த்தே அந்த எண்ணம் வந்தது.

இவற்றைச் சோதிப்பது முன்னினும் கடினமாயிற்று. அவள் பயன்படுத்திய கொமேகா என்ற சோதனை நூலகத்தில் இரண்டு சொற்கள் உண்டு. 'ஈவென்சுவலி' என்றால், குறித்த காலத்துக்குள் என்றேனும் இது நடக்க வேண்டும். 'கன்சிஸ்டென்ட்லி' என்றால், குறித்த காலம் முழுவதும் இது மாறாதிருக்க வேண்டும். தன் சோதனைக் கோப்புகளில் தேடிப் பார்த்தபோது முதற்சொல் பக்கந்தோறும் இருந்தது. இரண்டாம் சொல் ஓரிடத்திலும் இல்லை. ஒன்று நடக்கும் என்று காட்ட, நடக்கும்வரை காத்திருந்தால் போதும். நடக்காது என்று காட்ட எவ்வளவு நேரம் காத்திருப்பது? நூலகத்தின் இயல்பு அளவு 100 மில்லி விநாடி. மதியம் 2 மணி விருப்பம் இரவு 10 மணிக்கு நிறைவேறியதைக் கண்டவளுக்கு அந்த அளவு போதவில்லை. ஆபரேட்டருக்குள் மெய்யான கடிகாரத்தை எடுத்துவிட்டு, சோதனையில் தானே முள்ளை நகர்த்தக்கூடிய பொய்க்கடிகாரத்தை வைத்தாள். ஒரு முழு வாரத்தைச் சில விநாடிகளில் ஓட்டி, ஒவ்வொரு மணியிலும் ஸ்டேட்ஃபுல்செட் மாறாதிருக்கிறதா என்று பார்த்தாள். இன்னொரு சோதனையில் ஒரு போலிப் பயனர் முதலில் உள்நுழைவார். பிறகு காலம் பார்த்துப் பதிப்பு மாறும். அதன்பின் அவர் மீண்டும் கடவுச்சொல் கொடுக்காமலே டோக்கனைப் புதுப்பிக்க முடிய வேண்டும். அச்சோதனைக்கு அவள் இட்ட பெயர் 'உதவித்தொகை விண்ணப்பம்'.

ஆய்வு முன்னேற்றக் குழுவில் ஒரு பேராசிரியர் கேட்டார்: "ஒன்றும் செய்யாமல் இருப்பதில் புதுமை என்ன இருக்கிறது?" அவள் அன்றிரவு நடந்ததைச் சொன்னாள். தன் தவறு என்பதையும் மறைக்கவில்லை. தேறிய சோதனைகளின் பட்டியலையும், அதே இரவில் எழுந்த புகார்களின் பட்டியலையும் அடுத்தடுத்துக் காட்டினாள். அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. குழு அந்த இயலை ஏற்றது; மீட்டலும் மாற்றமும் எங்கே ஒன்றோடொன்று கலக்கின்றன என்பதை இன்னும் விரிவாக எழுதச் சொன்னது. அது நியாயமான குறிப்பு என்றே அவளுக்கும் பட்டது.

காகா ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் இருவரும் அமர்ந்து வரும் ஆண்டின் நாட்களை விருப்ப ஆவணத்தில் நிரப்பினார்கள். கல்விநாட்காட்டியிலிருந்து தேர்வு, சேர்க்கை, முடிவு நாட்களை அவள் முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார். "பால்கி நாட்கள் எங்கே?" என்றார்.

ஜேஷ்ட மாதத்தில் ஞானேசுவரர், துக்காராம் ஆகியோரின் பல்லக்குகளோடு பண்டரிபுரத்துக்கு நடந்து செல்லும் வாரகரிகள் புனே நகரைக் கடந்து போவார்கள். அந்நாட்களில் முக்கியச் சாலைகள் மூடப்படும். அதற்கும் சர்வருக்கும் என்ன தொடர்பு என்று அவள் கேட்டாள்.

"சர்வருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று ஏதாவது கெட்டுப்போனால் இங்கே யாரும் வந்து சேர முடியாது. கணபதி கரைக்கும் நாளும் அப்படித்தான். ஊர்வலம் மறுநாளும் ஓயாது. நான் ஒருமுறை லக்ஷ்மி சாலையில் நான்கு மணி நேரம் நின்றிருக்கிறேன்."

ஒவ்வோர் ஆண்டும் அந்த நாட்கள் மாறும். நிரலில் நிலையாக எழுதி வைக்க முடியாது. ஆண்டுதோறும் ஒரு மனிதர் பஞ்சாங்கம் பார்த்து ஏற்ற வேண்டும். அவள் அதையே ஒரு விதியாக்கினாள். நடப்புக் கல்வியாண்டுக்கான பட்டியல் நிரப்பப்படாமல் இருந்தால் ஆபரேட்டர் மீட்டலைத் தவிர எதையும் செய்யாது. 'நாட்கள் குறிக்கப்படவில்லை' என்று நிலைப்பகுதியில் எழுதிவிட்டுக் காத்திருக்கும். பட்டியலை ஏற்றுபவரின் பணிப்பெயரையும் ஆவணம் கேட்கும்.

"அப்படியானால் இது வந்தபின்னும் ஓர் ஆள் வேண்டும்," என்றார் காகா.

"வேண்டும், காகா."

அவர் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைப் படியெடுத்து, துறையின் மராத்தி நண்பர்களின் உதவியோடு ஒவ்வொரு வரியையும் ஒரு சோதனையாக எழுதத் தொடங்கினாள். கடைசியாக எழுதியது பால்கி நாளுக்கானது. பொய்க்கடிகாரத்தை அந்நாளின் காலை 6 மணிக்கு வைத்து, புதிய பதிப்பு ஒன்றை விருப்ப ஆவணத்தில் எழுதி, ஒரு பாட்டைக் கொன்றாள். பாட் பழைய பதிப்பிலேயே மீண்டும் எழுந்தது. முள்ளை மணிமணியாக நள்ளிரவுவரை நகர்த்தினாள். வேறொன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாள் காலை 10 மணிக்கு முள் வந்தபோது ஆபரேட்டர் முன்சோதனையைத் தொடங்கியது.